மூன்று பையர், மூன்று ஆடிட்: ஒன்றாக்க வழி உண்டா?

கேள்வி
திருப்பூரில் கட்டிங், தையல், பேக்கிங் மட்டும் உள்ள யூனிட். சாயம் வெளியே ஜாப் ஒர்க். எங்களிடம் ஆடை வாங்கும் மூன்று ஐரோப்பிய பையர்களும் தனித்தனியாக சோஷியல் ஆடிட் (சம்பளம், வேலை நேரம், தொழிலாளர் நிலை பற்றிய ஆய்வு) கேட்கிறார்கள். சாயப்பட்டறையின் கழிவுநீர் ரிப்போர்ட்டும் வேண்டுமாம். எங்கே தொடங்குவது?

பதில் 1
எஸ்.எல்.சி.பி. என்று எல்லாப் பையருக்கும் பொதுவான ஒரு தொழிலாளர்நிலை மதிப்பீட்டு முறை இருக்கிறது. அதன் தரவை ஏற்று, சொந்த ஆடிட்டை விட்டுவிடுவார்களா என்று மூவரிடமும் மெயிலில் கேளுங்கள். பதில் வரும்வரை பணம் கட்டாதீர்கள். அதன் கேள்விப்பட்டியலை நீங்களே நிரப்ப வேண்டும். அங்கீகாரம் பெற்ற வெரிஃபையர் வந்து சரிபார்ப்பார். அதே தரவை எல்லாப் பையருக்கும் பகிரலாம். மார்க், சான்றிதழ் எதுவும் கிடையாது.

பெரும்பாலும் சிக்குவது வருகைப் பதிவேட்டில்தான். அதில் ஞாயிறு விடுமுறை என்றிருக்கும். உடைந்த ஊசிப் பதிவேட்டில் அதே ஞாயிறு தேதியிட்டு ஊசித் துண்டுகள் ஒட்டியிருக்கும். வெரிஃபையர் இரண்டையும் கேட் பாஸோடு சேர்த்து வைத்துப் பார்ப்பார். ஓவர்டைம் நடந்திருந்தால் நடந்ததாகவே எழுதி, இரட்டைச் சம்பளம் கொடுத்த கணக்கைக் காட்டுங்கள். ஓவர்டைமைத் திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். பொய்ப் பதிவேடு பிடிபட்டால் ஆர்டரே போய்விடும்.

பதில் 2
கழிவுநீர் ரிப்போர்ட்டைப் பட்டறைதான் எடுக்க வேண்டும். இசட்.டி.எச்.சி. (ஆடைத் தொழிலில் ஆபத்தான ரசாயனங்களை ஒழிப்பதற்கான அமைப்பு) தளத்தில் தன் பெயரில் பதிந்து, ஆண்டுக்கு 2 முறை டெஸ்ட் செய்ய வேண்டும். கெடு ஏப்ரல் 30, அக்டோபர் 31. "சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடுவதில்லை, டெஸ்ட் எதற்கு?" என்பார்கள் பட்டறைக்காரர்கள். ஆனால் தடைசெய்த ரசாயனங்களைச் சுத்திகரிப்புக்கு முந்தைய நீரில்தான் பார்க்கிறார்கள். எந்தச் சாயம், எந்த ஆக்ஸிலரி (துணை ரசாயனம்) உள்ளே போனது என்பது அங்கேதான் தெரியும். ஆர்.ஓ.வில் வடித்த நீரைக் கொடுத்தால் ஒன்றும் தெரியாது.

கேட்டவர்
டெஸ்ட் செலவை யார் தருவது என்று பட்டறைக்காரர் கேட்கிறார்.

பதில் 2
நியாயமான கேள்வி. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னபின், ஜீரோ டிஸ்சார்ஜ் (கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது) செலவின் பெரும் சுமை அவர்கள் தலையில்தான் விழுந்தது. அதே பட்டறையில் சாயமேற்றும் மற்ற ஏற்றுமதியாளர்களோடு பங்கிட்டுக்கொள்ளுங்கள். ரிப்போர்ட் எல்லோருக்கும் பயன்படும்.

பதில் 3
ஆடிட்டை ஒன்றாக்கினாலும், பெண்களுக்கு நடக்கும் தொல்லை ஓரிரு நாள் வந்துபோகிறவர் கண்ணில் படாது. ஆடை ஆலையில் பெண்களுக்கு நடக்கும் தொல்லையைத் தடுக்க 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் படியுங்கள். தொழிற்சங்கம், ஆலை, பிராண்டுகளான எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். எல்லோரையும் கட்டுப்படுத்தும்படி போட்ட ஒப்பந்தம் அது. தொழிலாளர்களையே பயிற்றுவித்துக் கண்காணிப்பாளர்களாக்கினார்கள்.

பையரிடமும் ஒன்று கேளுங்கள்: சாம்பிள் அப்ரூவல் எத்தனை நாள் தாமதமோ, ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ள வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். ஞாயிறு ஓவர்டைம் பாதி அங்கிருந்துதான் வருகிறது.