உறிஞ்சாழமா, எட்டுயரமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

கிணற்றுப் பம்புக்கான சொற்பட்டியலில் 'suction lift' என்பதற்கு, அதாவது மேலே இருக்கும் பம்பு எவ்வளவு கீழிருந்து தண்ணீரை எடுக்கும் என்ற அளவுக்கு, 'உறிஞ்சாழம்' என்று போட்டிருக்கிறீர்கள். புணர்ச்சியில் குறையில்லை. ஆனால் இந்தச் சொல் ஆளை ஏமாற்றும். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசையிலேயே ஒருவர் ஏமாந்தார்.

தோட்டத்தை விட்டு வந்து தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கியவர். வீட்டுக்குப் பின்னால் சிமெண்டு வளையம் இறக்கிய கிணறு. வெயில் காலத்தில் தண்ணீர் கீழே போய்விட, அரை எச்.பி. (குதிரைத்திறன்) பம்பு வெறுமனே உறுமியது. கடையில் ஒரு எச்.பி. எடுக்கச் சொன்னார்கள். அதுவும் உறுமியது, கொஞ்சம் சத்தமாக. நான் போய்க் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினேன். பம்பு உட்கார்ந்திருந்த மேடையிலிருந்து ஈரம் தொடங்கிய இடம்வரை அளந்தால் 33 அடி, ஏறக்குறைய 10 மீட்டர்.

அதை இரண்டு எச்.பி. ஆக்கினாலும் தண்ணீர் வராது. பம்பு குழாய்க்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. தண்ணீரை ஏற்றிவிடுவது கிணற்று நீரின் முகத்தை அழுத்திக்கொண்டிருக்கும் வெளிக்காற்று. கடல் மட்டத்தில் அதன் பலம் 10.3 மீட்டர் நீர்த்தூண். 1643-இல் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லியின் குழாயில் பாதரசம் 76 சென்டிமீட்டரில் நின்றதும் இதே காற்றால்தான். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு கனம், பெருக்கிப் பாருங்கள். உராய்வு, ஃபுட் வால்வு (குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு), மூட்டுக் கசிவு எல்லாம் போக வீட்டில் கிடைப்பது 7 மீட்டர், நன்றாகப் பொருத்தினால் 8.

தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த நாளில் பொதுக் கிணற்றில் வாளி விடும்போதெல்லாம் ஒரு குரல் கேட்கும்: "கயிறு எட்டலே, இன்னும் ரெண்டு முழம் கட்டு." அந்த 'எட்டு'தான் நமக்கு வேண்டிய வினை. 'எட்டுயரம்' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். எட்டவில்லை என்றால் பம்பைக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று சொல்லே சொல்லிவிடும். நீர்மூழ்கி பம்பு தண்ணீருக்குள் கிடந்து மேலே தள்ளுகிறது. தள்ளுவதற்கு இந்த எல்லை கிடையாது. இரட்டைக் குழாய் ஜெட் பம்பும் கொஞ்சம் தண்ணீரைத் திருப்பிக் கீழே அனுப்பி, அங்கிருந்து தள்ளவே செய்கிறது. ('நீர்மூழ்கி'க்கு யாரும் இன்னும் சண்டைக்கு வரவில்லை, நல்லவேளை.)

முதலில் 'எட்டாழம்' என்றுதான் எழுதினேன். வீட்டில் படித்துக் காட்டியபோது மகள் "எட்டாத ஆழமாப்பா?" என்றாள். அத்தோடு விட்டேன்.

*

தைப்பிங்கிலிருந்து:

உங்கள் மகள் சரியாகப் பிடித்திருக்கிறாள். ஆனால் எட்டுயரத்தை மாணவன் '8 மீட்டர் உயரம்' என்று படிக்கமாட்டானா? அப்படிப் படித்தவன் கேமரன் மலைக்குப் போனால் என்ன செய்வான்? அங்கே காற்றே மெலிது.

*

ஐயா, நியாயமான கேள்வி. 1,500 மீட்டர் மேட்டில் காற்றின் முழுப் பலமே ஏறக்குறைய 8.6 மீட்டர்தான், வீட்டுப் பம்புக்கு 6 கிடைத்தால் பெரிது. ஆகவே விளக்கத்தில் 'இடத்தின் உயரத்துக்கு ஏற்ப மாறும்' என்று ஒரு வரி சேர்த்தே ஆகவேண்டும். ஆனால் இங்கே கீழே, எட்டை எண்ணாகப் படிப்பவனும் பெரிதாகக் கெட்டுப்போகமாட்டான். எட்டுக்கு மேல் வராது என்று அவன் கடைக்குப் போகுமுன்பே தெரிந்துகொள்வான். 'உறிஞ்சாழம்' படித்தவன் இன்னும் பலமாக உறிஞ்சும் மோட்டாரைத்தான் தேடுவான்.

எட்டுயரத்துக்கு எதிரே இப்போதைக்குக் கேள்விக்குறி போட்டு வையுங்கள், இதைவிட நல்லது வந்தால் எடுத்துக்கொள்வோம். உறிஞ்சாழத்தை மட்டும் இன்றே அடித்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் நீர்மூழ்கி இறக்கிவிட்டார். அந்த ஒரு எச்.பி. பம்பு இப்போது தொட்டித் தண்ணீரில் கார் கழுவுகிறது.