5 வாட்டில் பேசினால் யார் காதுக்கு வேலை?

தேவனாம்பட்டினத்தான்:
போன ஞாயிறு காலை 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை) ஒரு மூத்த ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர், என்னிடம் சொன்னார்: “தம்பி, 5 வாட்டை வைத்துக்கொண்டு ஊரார் காதை ஏன் சோதிக்கிறாய்? நூறு வாட் ரேடியோ ரிக் ஒன்று வாங்கிக்கொண்டு வா.” மனசு சுருங்கிப் போனது. ரெஸ்ட்ரிக்டட் என்கிற ஆரம்ப லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. ரேடியோப் பெட்டி நானே கட்டியது, வீட்டிலேயே கட்டுவதற்கென்று வரைந்த பிட்எக்ஸ் சர்க்கியூட். பாதிச் சாமான் கடலூரில் கிடைத்தது, மீதிக்கு ரிச்சி தெரு. மாடியில் கைக்குப் பத்து மீட்டராக ஒரு இன்வெர்ட்டட் வி, அதாவது நடுவே உயர்த்தி இரு பக்கமும் சரித்துக் கட்டிய கம்பி ஆண்டெனா. இதிலேயே பெங்களூரும் கோட்டயமும் பேசியாயிற்று. குறைந்த சக்தியில் பேசுவது உண்மையிலேயே மற்றவர்களுக்குத் தொல்லையா?

முத்தியால்பேட்டை ஐயா:
அந்த மூத்த ஹாம் நான்தான். சொன்னதிலிருந்து பின்வாங்கப் போவதில்லை. உன் பெட்டியைக் குறை சொல்லவில்லை, தம்பி. ஆனால் 5 வாட்டில் பேசுகிறவருக்குச் சாதனை, கேட்கிறவருக்குத் தலைவலி. சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டரில் என் வீட்டு இரைச்சலே எஸ் 7 நிற்கிறது. நீ அந்த இரைச்சலோடு இரைச்சலாக வருகிறாய். பெயரை மூன்று தடவை, ஊரை நான்கு தடவை கேட்டேன். பேண்டில் காத்திருந்த ஆறு பேரும் அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

சாலிடர்ப்புகை:
ஐயா, முதலில் ஒரு சட்ட விஷயம். தம்பியிடம் இருப்பது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. ஷார்ட்வேவில் அவருக்கு உச்சவரம்பு 50 வாட். 400 வாட் ஜெனரல் கிரேடுக்குத்தான். நூறு வாட் ரிக் வாங்கினாலும் குமிழைத் திருப்பிப் பாதியில் நிறுத்த வேண்டும். 5-இலிருந்து 50-க்கு, பத்து மடங்கு போனால் சிக்னல் ஏறுவது 10 டெசிபெல். ஒரு எஸ் யூனிட் 6 டெசிபெல் என்று வைத்தால் இரண்டு யூனிட் கூட இல்லை. இதற்காகவா அவ்வளவு பணம்?

முத்தியால்பேட்டை ஐயா:
அந்த இரண்டு யூனிட்தானம்மா கேட்பதற்கும் கேட்காததற்கும் நடுவே இருப்பது! எஸ் 9 வருகிறவருக்கு 10 டெசிபெல் ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான். இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கிறவருக்கு அது உயிர்.

சாலிடர்ப்புகை:
சரி, அந்த எஸ் 7 எங்கிருந்து வருகிறது? கடலூரிலிருந்தா, உங்கள் வீட்டிலிருந்தா? வீட்டு மெயினை அணைத்துவிட்டு ரிக்கை பேட்டரியில் போட்டுப் பாருங்கள். லாஸ்பேட்டையில் நான் இதைச் செய்தபோது எஸ் 7 எஸ் 3-க்கு விழுந்தது. மாடிப்படி எல்இடி பல்பின் டிரைவர் ஒன்று, டிவியின் செட்டாப் பாக்ஸ் அடாப்டர் ஒன்று. நான்கு யூனிட் என்றால் 24 டெசிபெல். தம்பி தன் 5 வாட்டை 1,250 வாட் ஆக்கினால் கிடைக்கிற லாபம், எனக்கு ஒரு ஸ்விட்சில் கிடைத்தது.

முத்தியால்பேட்டை ஐயா:
எஸ் மீட்டரை நம்பிக் கணக்குப் போடுகிறாயே அம்மா. எஸ் 9-க்குக் கீழே என் ரிக்கில் ஒரு கோடு 3 டெசிபெல்லா 4 டெசிபெல்லா என்று செய்தவனுக்கே தெரியாது. ஆனாலும் மெயினை அணைத்துப் பார்க்கிறேன். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

பண்ருட்டிப் பலா:
நான் ஹாம் இல்லை, பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் முந்திரித் தோப்பு மொத்தமும் படுத்துவிட்டது. கரண்ட் கம்பங்களும் படுத்துவிட்டன; நாள்கணக்கில் இருட்டு. அப்படி ஒரு வாரத்தில் எந்த ரேடியோ உதவும்?

தேவனாம்பட்டினத்தான்:
என்னிடம் இருப்பது யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. என் பெட்டி கேட்கும்போது 150 மில்லி ஆம்பியர் எடுக்கிறது, பேசும்போது ஒரு ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டும். ஒரு சின்ன சோலார் தகடு இருந்தால் நாள் ஓடிவிடும். நூறு வாட் ரிக் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவே ஒரு ஆம்பியர் கேட்கும். பேச மைக்கை அழுத்தினால் 20 ஆம்பியர். இந்தப் பேட்டரி முதல் வார்த்தையிலேயே படுத்துவிடும். அப்புறம், ஊரே இருட்டாக இருக்கும்போது எல்இடி இரைச்சலும் இருக்காதே.

முத்தியால்பேட்டை ஐயா:
இந்தப் பாயின்ட்டை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்: தானேயில் முதலில் போனது ஆண்டெனா. என் மாஸ்ட் அன்று காலை பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குள் கிடந்தது. மடித்து வைத்த இருபது மீட்டர் கம்பி ஒன்றைப் பெட்டியோடு வை. தாழ்வாகக் கட்டினாலும் பகலில் சென்னைக்குப் போதும். சிக்னல் நேர் மேலே போய் அப்படியே இறங்கும். கடற்கரை வீடு என்றால் ஜாயின்ட் எல்லாம் ஆறு மாதத்தில் பச்சைப் பூத்துவிடும். அதையும் பார்.

ஆனால் வீட்டில் கட்டும் ஹோம்ப்ரூ பெட்டி பற்றி நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. உன் ஹார்மோனிக், அதாவது பேசும் அலைவரிசையின் மடங்குகளில் கசிகிற சிக்னல், எங்கே போகிறது என்று அளந்தாயா? 7.1 மெகாஹெர்ட்ஸின் இரண்டாவது ஹார்மோனிக் 14.2. இன்னொரு ஹாம் பேண்டின் நடுவே போய் விழும். கம்பெனி ரிக்கில் இந்தக் கவலை இல்லை.

சாலிடர்ப்புகை:
ஐயா, பிட்எக்ஸ் வரைந்த ஹைதராபாத்துக்காரர் அஷர் ஃபர்ஹான் டொராய்டு (காயில் சுற்றும் வளையம்) கிடைக்காதவர்களுக்காகக் குழாய் வாஷரிலேயே கம்பி சுற்றிக் காட்டியவர். சிக்கனம் அவருக்குத் தெரியும், ஆனால் ஹார்மோனிக்கைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டரை அவர் விடவில்லை. விட்டால் கட்டியவர்தான் விட்டிருப்பார். தம்பி, விட்டாயா?

தேவனாம்பட்டினத்தான்:
... ஒரு செக்ஷனை விட்டேன். அதைப் போட்டால் வாட் மீட்டரில் கொஞ்சம் குறைந்தது.

முத்தியால்பேட்டை ஐயா:
பார்த்தாயா!

சாலிடர்ப்புகை:
குறைந்தது என்றால் காயில் சுற்று தப்பாக இருக்கலாம், கெப்பாசிட்டர் மட்டமாக இருக்கலாம். வட்டமான பழுப்புச் சில் போட்டிருந்தால் மாற்றிவிடு. மைக்கா, இல்லாவிட்டால் சூட்டில் மதிப்பு மாறாத என்பிஓ வகை. இன்னொன்று, அந்த மீட்டர் ஹார்மோனிக்கையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. குறைந்துபோன வாட்டில் ஒரு பங்கு இருக்கவே கூடாத வாட்.

அளப்பதற்கு ஸ்பெக்ட்ரம் அனலைசர் வேண்டாம். நண்பர் வீட்டில் 14.2-இல் கேட்கச் சொல். கிட்டத்து வீடு என்பதால் ரிசீவரே திணறி ஹார்மோனிக்கை உள்ளே உண்டாக்கிக்கொள்ளலாம். அதனால் ஆண்டெனா வயரில் சிக்னலை 10 டெசிபெல் குறைக்கும் அட்டென்யுவேட்டர் போடச் சொல். சிக்னல் 10 குறைந்தால் நிஜம். 20 குறைந்தால் அவர் ரிசீவரின் கற்பனை.

தேவனாம்பட்டினத்தான் (மூன்று நாள் கழித்து):
மஞ்சக்குப்பம் நண்பர் கேட்டார். சரியாகப் பத்துதான் குறைந்தது. நிஜம். வெட்கமாக இருக்கிறது. செக்ஷனைச் சேர்த்தேன், பழுப்புச் சில்லை எல்லாம் பிடுங்கினேன். இப்போது 14.2-இல் அவருக்கு மூச்சே கேட்கவில்லையாம். மீட்டர் 4 வாட் காட்டுகிறது. ஐயா, ஞாயிறு காலை இந்த 4 வாட்டை ஒருமுறை கேட்பீர்களா?

முத்தியால்பேட்டை ஐயா:
4 வாட்டா? இறங்கிக்கொண்டே போகிறாயே. சரி, வா. நேற்று மெயினை அணைத்துப் பார்த்தேன், எஸ் 4. குற்றவாளி இன்வெர்ட்டர், நானே வாங்கி மாட்டியது. ஞாயிறு ஆறரைக்கு 7.080-இல் நிற்பேன், பேட்டரியில்தான். ஏழு மணிக்கு வீட்டில் இண்டக்ஷன் அடுப்பில் காபி போடுவார்கள், அதற்குள் பேசி முடித்துவிட வேண்டும். ஜெனரல் பரீட்சைக்கு மோர்ஸ் நிமிடத்துக்கு 8 சொல் எப்படியும் உனக்கு வேண்டும். ஒரு மோர்ஸ் கீயை வைத்து இப்போதே பழகு. ஜெனரல் கிடைத்தபின் கீயில் 4 வாட் என்றால் என் காதுக்குப் பிரச்சினை இல்லை.

பண்ருட்டிப் பலா:
கேட்பதற்கு மட்டும் ஒரு ரிசீவர் கட்ட என்ன செலவாகும்?