பிளட் கேன்சர் பேஷன்ட்டை வீட்லயே வச்சு மானிட்டர் பண்றது: லாபம் யாருக்கு?

கணக்குப்பிள்ளை:
கீமோ முடிஞ்ச லுகேமியா, மைலோமா மாதிரி பிளட் கேன்சர் பேஷன்ட்டை வார்டுலயே படுக்க வைக்காம, உடம்புல ஒட்டுற டெம்பரேச்சர் பேட்ச், ஆக்ஸிமீட்டர், பிபி மெஷின், ஒரு ஆப் குடுத்து வீட்டுக்கு அனுப்பி அங்கருந்தே பாத்துக்குறாங்கல்ல, இதை ஏன் எல்லா இடத்துலயும் செய்ய மாட்டேங்கறாங்க? பெட் மிச்சம், பில் குறையும், வார்டுல சுத்துற கிருமிகிட்ட இருந்தும் தப்பிக்கலாம். இதுல நஷ்டம்னு ஒண்ணு இருக்கா என்ன?

தூங்காதவள்:
இருக்கு. பில் குறையல, எங்க தலைல இறங்கிச்சு, அவ்ளோதான். அப்பாவுக்கு மைலோமா. பேட்ச் வேர்வைல ஓரம் கிளம்பினா ஆப் 34 டிகிரினு காட்டும், உடனே போன் கத்தும், எழுந்து போய் சாதா தெர்மாமீட்டர் வச்சா நார்மல், துடைச்சு ஒட்டிட்டு வந்து படுத்தா விடியக்காலம் மறுபடி அதே கூத்து. லீவு போட்டது யாரு, சம்பளமில்லாம நர்ஸ் வேலை பாக்குறது யாரு? அதெல்லாம் உங்க கணக்குல வரவே வராது.

வார்டு_அக்கா:
தம்பி, மிச்சத்தை அப்புறம் பேசலாம், எதுக்காக பாக்குறோம்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க. கிருமியோட சண்டை போடுற வெள்ளை அணுதான் நியூட்ரோஃபில், அது 500க்கு கீழ போயிட்டா, டெம்பரேச்சர் ஒரு தடவை 38.3 செல்சியஸ் தொட்டாலோ இல்ல 38 ஒரு மணி நேரம் நின்னாலோ எமர்ஜென்சி, ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்ட்டிபயாடிக் ஏறணும். அந்த டைம்ல சீழ் பிடிக்காது, சளி கூட பெருசா தெரியாது, பல பேருக்கு காய்ச்சல் ஒண்ணுதான் துப்பு. அதையும் பாராசிட்டமால் போட்டு அமுக்கிட்டு "இப்ப பரவால்ல சிஸ்டர்"னு காலைல வந்து நிப்பாங்க பாருங்க, அங்கதான் விடாம பாக்குற பேட்ச்சுக்கு மதிப்பு. டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு ஓடுறவங்களுக்கு காய்ச்சலே தலைகாட்டாம போகலாம், அங்க பேட்ச்சும் ஒண்ணும் பண்ண முடியாது.

தூங்காதவள்:
அக்கா, அதுக்கு ஒரு தெர்மாமீட்டரும் கூப்பிட்டா எடுக்குற ஒரு நம்பரும் போதாதா?

கணக்குப்பிள்ளை:
போதாதுங்க. 2017ல வந்த அமெரிக்க ஆய்வு, 766 பேர். அறிகுறியை ஆன்லைன்ல பதிஞ்சவங்க மீடியன் கணக்குல, அதாவது வரிசைல நடு ஆளை வச்சு பாத்தா, 31.2 மாசம் உசுரோட இருந்தாங்க, மத்தவங்க 26 மாசம். அஞ்சு மாசம் கூடுதல் உசுரு, சும்மாவா?

குறுக்கே_வர்றவன்:
பாஸ், முழுசா படிச்சீங்களா? மார்பகம், நுரையீரல் மாதிரி பரவின கட்டி கேன்சர்காரங்க அவங்க, பிளட் கேன்சர் அதுல இல்ல. பேட்ச்சும் இல்ல. கேள்விக்கு பதில் தட்டுவாங்க, மோசமா இருந்தா நர்ஸுக்கு மெயில் போகும். ஜெயிச்சது மெஷினா, மெயிலை பாத்த நர்ஸா? அப்புறம் ஆக்ஸிமீட்டர் ரத்தத்துல இருக்குற ஆக்ஸிஜனை கருத்த தோல்ல நிஜத்தைவிட கூட காட்டுதுன்னு 2020லயே ஆய்வு வந்தாச்சு, 95ஐ பாத்துட்டு நிம்மதியா உக்காந்துடாதீங்க. நீங்க சொன்ன எந்த மெஷினும் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டை காட்டாது, அதுக்கு ரத்த டெஸ்டுக்கு ஊசி குத்திக்க போயே ஆகணும்.

கணக்குப்பிள்ளை:
சரி, கார்-டி சிகிச்சையை எடுத்துக்கங்க, அதான் நோய் எதிர்ப்பு செல்லை கேன்சரை தாக்குற மாதிரி மாத்தி உடம்புல ஏத்துறது. செல் ஏத்தினப்புறம் 4 வாரம் ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கணும்னு அமெரிக்காவுல இருந்ததை 2025 ஜூன்ல 2 வாரமா குறைச்சாங்க. ரூம் வாடகை, கூட ஒரு ஆள், அவங்க வேலைனு எவ்ளோ மிச்சம்! அந்த மீதி நாளை வீட்ல எதை நம்பி கழிக்கிறது, சொல்லுங்க?

வார்டு_அக்கா:
கார்-டில மூளையையும் பாதிக்கலாம், அதைப் பிடிக்க தினம் ஒரு வரி எழுதச் சொல்லுவோம். கையெழுத்து கோணலானாலே உஷார். போட்டோ எடுத்து ஆப்ல போடலாம்தான், நேத்து எழுதினதை பக்கத்துல வச்சு பாக்குற கண்ணு வேணுமே. வார்டு வேலைக்கு நடுவுல ஸ்கிரீனையும் பாருன்னா அலாரம் கேட்டு கேட்டு காது மரத்துடும், நிஜ காய்ச்சல் அதுல முங்கிடும்.

தூங்காதவள்:
டிஸ்சார்ஜ் அன்னைக்கு மெஷினை மாட்டுறதுக்கு வீடியோ காட்டினாங்க. ராத்திரி 2 மணிக்கு அலாரம் அடிச்சா அந்தப் பக்கம் யாரு இருப்பானு கேட்டேன், "ஆப் பாத்துக்கும்"னாங்க.

கணக்குப்பிள்ளை:
அது ஆள் போடாதவங்க குத்தம், மெஷின் தலைல கட்டாதீங்க. நைட் நர்ஸ் சம்பளத்தை சேர்த்தாலும் பெட்டை விட கம்மியாத்தான் வரும், எழுதி வச்சுக்கங்க.

குறுக்கே_வர்றவன்:
ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷன்ட்னு வச்சு போட்டீங்க அந்த கணக்கை? அதை முதல்ல இங்க போடுங்க.