ஷிமனாமி கைடோ: நீலக் கோடும் காற்றுப் பம்பும்

கரையோரன்
ஷிமனாமி கைடோ, ஜப்பானில் ஒனோமிச்சியிலிருந்து இமாபாரி வரை தீவு தீவாகப் பாலம் தாண்டிப் போகும் சைக்கிள் பாதை. அதன் பாலங்களைப் பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. அவற்றுக்கு ஏறும் சரிவுப் பாதையை, அதாவது ரேம்ப்பைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. ஒனோமிச்சியில் படகு ஏறி முதல் தீவான முகாய்ஷிமாவில் இறங்கினால், சாலையின் இடது ஓரத்தில் நீலக் கோடு. இமாபாரி வரை சுமார் 70 கி.மீ., மீதி தூரம் தரையிலேயே எழுதியிருக்கும். இன்னோஷிமா பாலம் நெருங்கியதும் கோடு பெரிய சாலையை விட்டு மேட்டுப் பக்கம் வளையும். பின்னால் குழந்தை இருக்கை வைத்து ஓர் அம்மா ஓட்டி வந்த சைக்கிள், வரைபடம் எதுவும் பார்க்காமல், அந்த வளைவில் அப்படியே திரும்பி, பெடலை நிறுத்தாமல் மேலே போனது. நேராக ஏற்றியிருந்தால் பாதி நீளத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் சரிவு 6 சதவீதம் ஆகியிருக்கும், அந்த அம்மா இறங்கித் தள்ளியிருப்பார். சுமார் 1 கி.மீ. சுற்றவிட்டு 3 சதவீதத்தில் வைத்திருக்கிறார்கள். வரவேற்பு என்றால் இதுதான்.

வால்வுமணி
ரேம்ப் சரிதான். நமக்கு மனதில் நிற்பது சைக்கிள் ஒயாசிஸ். இமாபாரி இருக்கும் எஹிமே மாகாணப் பக்கம் கடை, விடுதி, ஏன் சாதாரண வீட்டு வாசலில்கூடப் பலகை தொங்கும்: கழிவறை, தண்ணீர், உட்கார இடம், காற்றுப் பம்ப். ஒரு வாசலில், ரோடு பைக்கின் மெல்லிய பிரெஞ்சு வால்வில் ஒருத்தர் பம்பை மாட்டி அடிக்க அடிக்க, காற்று புஸ்ஸென்று வெளியே. கடைக்காரப் பாட்டி எழுந்து வந்து, பம்ப் முனையில் இருந்த கிளிப்பை மட்டும் கழற்றிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கிளிப் ஊர் சைக்கிளின் இங்கிலீஷ் வால்வுக்கானது. நம்மூர்ப் பழைய ஹீரோ, அட்லஸில் ரப்பர் வால்வ் ட்யூப் போடுவோமே, அதே வகை. பிரெஞ்சு வால்வில் உச்சித் திருகைத் தளர்த்தி, ஒரு தட்டுத் தட்டி, அப்புறம்தான் முனையை மாட்ட வேண்டும். பம்பை வைப்பதோடு வேலை முடியாது. எந்த முனை எந்த வால்வுக்கு என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏற்றமறியான்
கரையோரன் அண்ணே, 3 சதவீதம்னு சொல்லிச் சொல்லித்தான் ஆட்களை மாட்டி விடுறீங்க. முகாய்ஷிமா தாண்டினா இன்னோஷிமா, இகுச்சி, தத்தாரா, ஓமிஷிமா, ஹகாதா-ஓஷிமா, குருஷிமான்னு ஆறு பாலம், ஆறு ஏற்றம். அதுகூடப் பரவாயில்லை. ஓஷிமா தீவுல கோடு கரையை விட்டு உள்ளே போய் மேடு ஏறுது, அது ரேம்ப் மாதிரி சாது இல்லை. ஒனோமிச்சியில இருந்து வர்றவனுக்கு அது கடைசித் தீவு. காலையில எலுமிச்சைத் தோட்டத்துல போட்டோ எடுத்துட்டு நின்னவன், சாயங்காலம் அங்கே நாக்குத் தள்ளி, அதுக்கு மேல குருஷிமா பாலத்துல 4 கி.மீ. காத்து வாங்கி, இமாபாரி வாடகைக் கவுண்டருக்கு வந்தா ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். உள்ளே இருந்தவர் கடிகாரத்தைக் காட்டித் தலைகுனிஞ்சு வணங்கினார் பாருங்க, அந்த மரியாதைதான் இன்னும் உறுத்துது. வண்டியை எடுத்த இடத்துலயே விடணும்னு இல்லை, வேற நிலையத்துலயும் விடலாம். இதுதான் அந்த ஊர் செஞ்ச பெரிய உபகாரம். ஆனா எல்லா வண்டிக்கும் எல்லா நிலையமும் ஒத்துக்காது. பாட்டரி வண்டியும் ரெண்டு பேர் மிதிக்கிற வண்டியும் எங்கே விடலாம்னு எடுக்கும்போதே கேட்டுக்கணும்.

மூட்டைகட்டி
வாடகை வண்டியே வேண்டாம், சொந்த வண்டியை ரயிலில் கொண்டு போங்கள். ஒனோமிச்சி நிலைய வாசலில் ஒருவர் கைப்பிடி வெளியே நீட்டிய பையோடு திருப்பி அனுப்பப்பட்டதைச் சொல்ல வந்தேன், அதற்கு முன் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயிலில் சைக்கிள் முழுக்கப் பைக்குள் இருக்க வேண்டும். சீட்டோ கைப்பிடியோ எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்று பக்க அளவும் கூட்டி 250 செ.மீ., நீளம் 2 மீ., எடை 30 கிலோவுக்குள். பின்பக்கச் செயினை ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கழற்றவும் மாட்டவும் படாதபாடு. வண்டியை நிமிர்த்தி நிறுத்துவதானால் சட்டத்தில் பின் சக்கரம் மாட்டும் இடத்தில் தாங்கு இரும்பு மாட்டுங்கள். இல்லையென்றால் மொத்த எடையும், பின் கியரைத் தாங்கும் கொக்கியில் இறங்கி அது வளையும், பிறகு மேட்டில் கியர் தானாகக் குதிக்கும். சக்கரங்களைச் சட்டத்தின் இரு பக்கமும் வைத்து மூன்று இடத்தில் கட்டுங்கள், நடுவே துணி. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பேட்களுக்கு நடுவே தக்கை கட்டாயம். பைக்குள் பிரேக் கை ஒருமுறை அமுங்கினால் போதும், பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சக்கரம் உள்ளே போகாது. கடைசிப் பெட்டியின் கடைசி வரிசைக்குப் பின்னால்

ஏற்றமறியான்
யாரு கேட்டா? திருப்பி அனுப்பின கதை எங்கே?

மூட்டைகட்டி
கைப்பிடி வெளியே இருந்தது, ஏற விடவில்லை. அவ்வளவுதான் கதை.

கரையோரன்
ஓஷிமா மேட்டை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகவே இமாபாரியில் தொடங்கச் சொல்வேன், கால் புதிதாக இருக்கும்போதே மேடு தீர்ந்துவிடும். இன்னொன்று: பாலம் திறந்த காலத்தில் ஒவ்வொன்றிலும் சைக்கிளுக்குச் சுங்க உண்டியல், முழுத் தூரத்துக்கும் மொத்தம் 500 யென். தொகை சின்னது, நிறுத்தி, கையுறை கழற்றி, சில்லறை தேடுவதுதான் எரிச்சல். 2014-ல் சைக்கிளுக்கு அதை முழுக்கத் தள்ளுபடி செய்து, பிறகு பலமுறை நீட்டித்தார்கள். 2019-ல் ஜப்பானின் முதல் தேசிய சைக்கிள் பாதைகளில் ஒன்றாக, பிவா ஏரிச் சுற்றோடு சேர்த்து அறிவித்தார்கள். சிறிய மோட்டார் வண்டிகளுக்கு உண்டியல் தொடர்கிறது. சில பாலங்களில் அவற்றுக்குத் தனி ரேம்ப்பும் உண்டு, ஏறும் முன் பலகையில் சைக்கிள் படம் இருக்கிறதா என்று பாருங்கள்.