மறு: 'கிரீமிங்' – 'வெண்குழைப்பு' சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேக் செய்யும்போது வெண்ணெயையும் சர்க்கரையையும் காற்றேறும்படி சேர்த்து அடிப்பதை ஆங்கிலத்தில் 'கிரீமிங்' (creaming) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'பாலேடாக்கல்', 'கடைதல்', 'குழைத்தல்' என்ற சொற்கள் நம் குழுவில் முன்வைக்கப்பட்டன. 'பாலேடாக்கல்' வேண்டாம் என்பதே என் கருத்தும். கேக் செய்முறையில் வரும் கிரீமிங்குக்கும் பாலேட்டுக்கும் தொடர்பே இல்லை. 'கடைதல்' நல்ல பழைய சொல்தான். ஆனால் தயிரைக் கடைவது வெண்ணெய் எடுக்க. இங்கே வெண்ணெய் ஏற்கெனவே கையில் இருக்கிறது. பலர் ஆதரித்த 'குழைத்தல்' நெருங்கி வருகிறது. ஆனால் சாதமும்தான் குழைகிறது.

சொல் எதைக் காட்ட வேண்டும் என்று பார்க்க, இருவருக்கான பவுண்டு கேக்கையே எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நான்கையும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது சுமார் 454 கிராம், போட்டதால் வந்த பெயர். விகிதம் மாறாதவரை அளவைக் குறைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையை உடைத்து நிறுத்தால் ஏறக்குறைய 50 கிராம் வரும். மற்ற மூன்றையும் அதே எடைக்கு எடுத்தால் இரண்டு பேருக்குப் போதும்.

பேக்கிங் பவுடர் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன் இந்தக் கேக்கை உப்பவைத்தது அடித்துச் சேர்த்த காற்றுதான். சர்க்கரைப் படிகத்தின் முனைகள் வெண்ணெயைக் கீறிக் கீறி நுண்குமிழிகளை உள்ளே சிக்கவைக்கின்றன. அடுப்புச் சூட்டில் நீராவியும் சேர்ந்து அவை விரிகின்றன. அதனால்தான் சர்க்கரையை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். மாவாகப் பொடித்தால் கீற முனை இருக்காது. வெண்ணெயும் விரல் வைத்தால் பள்ளம் விழும் பதத்தில், 20 பாகை செல்சியஸ் வாக்கில், இருக்க வேண்டும். சென்னையின் மே மாதத்தில் கொஞ்சம் அசந்தால் உருகத் தொடங்கிவிடும். உருகிய வெண்ணெயும் சர்க்கரையோடு அழகாகக் 'குழையும்'. காற்று மட்டும் நிற்காது. கேக் அடை மாதிரி அமுங்கிப்போகும்.

ஆகவே எதுவரை அடிப்பது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். காற்று கண்ணுக்குத் தெரியாது, நிறம் தெரியும். கடையில் வாங்கும் மஞ்சள் வெண்ணெய், அடிக்க அடிக்க வெளுத்து, பொசுபொசுவென்று எழும்பும். 'வெளுக்க அடித்தல்' என்று வைக்கலாம் என்றால் போலீஸ் நிலைய வாடை வருகிறது. எனவே 'வெண்குழைப்பு', வினையாக 'வெண்குழைக்கவும்'. வெண்பொங்கல் சாப்பிடுகிறவர்களுக்கு அந்நியமாக இராது.

ஒரு தடை உண்டு. நாட்டுச் சர்க்கரை போட்டால் பழுப்பு ஒரு படி இறங்குமே தவிர வெளுக்காது. அதற்காகக் 'காற்றுக்குழைப்பு' என்பாரும் இருக்கலாம். பாடநூலுக்கு அது பொருந்தும். சமையல் குறிப்பில் நான் வெண்குழைப்பையே எழுதுவேன்.

அப்புறம், மாவு சேர்க்கும் கட்டத்துக்கு, ஆங்கில 'ஃபோல்டிங்' (folding) என்பதை அப்படியே பெயர்த்து 'மடித்தல்' என்று எழுதிவருகிறோமே, அதையும் பார்க்க வேண்டும். அடியிலிருந்து மேலே மெல்லப் புரட்டுகிறோம். 'புரட்டிக் கலத்தல்' இருக்க, மடிப்பானேன்?

அன்புடன்.