புதுப்பிப்பு: உப்புநீர்த் தொட்டிக்கு மீன் முடிவாயிட்டு

பாளையங்கோட்டை வீட்டுல இருக்கிற 120 லிட்டர் உப்புநீர்த் தொட்டிக்கு என்ன மீன் விடலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அண்ணாச்சிமார் எல்லாருக்கும் நன்றி.

தண்ணியில மீனுக்கு விஷமான அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யத்துக்கு வந்தபிறகு, பண்ணையில் பொரிச்ச கோமாளி மீன் ஒரு ஜோடி விட்டாச்சு. ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு பார்த்துதான் எடுத்தேன். இதுல குஞ்சுகள் எல்லாம் ஆணாத்தான் வளரும். ஜோடியில் பெரியது பெண்ணா மாறிடும். இப்பவே சிறுசு, பெருசு பக்கத்துல போய் உடம்பை வெடவெடன்னு உதறுது. பணிஞ்சுட்டேன்னு அர்த்தம். பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்!

நீல டேங் மீன் வேண்டாம். அது ஒரு அடி வரை வளரும். டாம்செல் மீனும் வேண்டாம், அது மத்த மீனை விரட்டும். அடுத்து ஃபயர்ஃபிஷ்னு ஒரு மீன் விடலாம்னு இருக்கேன். துள்ளி வெளியே விழுற மீன், அதனால முதல்ல வலைமூடி.

தூத்துக்குடி பக்கம்தானே, பவளம் எடுத்து வைக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். கூடவே கூடாது. பவளமும் கடல்குதிரையும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கு.

நம்ம ஊர் வெயிலுக்கு, தண்ணி மேல காத்து படுற மாதிரி ஃபேன் வச்சிருக்கேன். ஆவியாகிறது தண்ணி மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிக்கும். அதனால குறையிற அளவுக்கு உப்பு நீக்கின ஆர்.ஓ. தண்ணியைத்தான் ஊத்தணும், உப்புத்தண்ணியை இல்ல.