சார்ஜ்: ஏற்றுவதா, ஊட்டுவதா? ‘மின்னிருப்பு’ என்றொரு முன்மொழிவு

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

மின்சாரக் கார்ச் செயலியின் தமிழாக்கத்தில் நாம் முட்டி நிற்கும் இடம் ஒரே ஒரு வினைச்சொல். பற்றரிக்கு மின்சாரம் ஏறுவதும் ‘சார்ஜ்’, பற்றரியில் எவ்வளவு இருக்கிறது என்பதும் ‘சார்ஜ்’, அதற்காக நாம் செலுத்தும் பணமும் ‘சார்ஜ்’. முதல் இரண்டுக்கும் ‘மின்னூட்டம்’ என்று வைத்துவிடலாம் என்று கோயம்புத்தூர் அண்ணா எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலங்கைப் பாடநூல்களில் படித்த ‘ஏற்றம்’ என்ற சொல்லின் மீதுள்ள பற்று மட்டும் அதற்குக் காரணமன்று. அந்த ஆங்கில வினை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நம் சொல்லின் வலிமை தெரியும்.

இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த ‘கோல்’ என்ற பழைய மக்களின் மொழியிலிருந்து இலத்தீனுக்குப் போன ‘கார்ரஸ்’ என்பது வண்டி. பிற்கால இலத்தீனில் அதிலிருந்து ‘கார்ரிக்காரே’ என்ற வினை பிறந்தது. வண்டியில் பாரம் ஏற்றுவது என்று பொருள். அது பிரெஞ்சில் ‘ஷார்ஜே’ ஆகி, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. கார், கார்கோ ஆகிய சொற்களும் அதே குடும்பம். ஆள் மீது ஏற்றிய பாரம் பொறுப்பாயிற்று. பணமாக ஏற்றியது கட்டணமாயிற்று. குற்றமாக ஏற்றியது குற்றச்சாட்டாயிற்று. தமிழிலும் ‘பழியை என் தலையில் ஏற்றாதே’ என்கிறோம். இரண்டு மொழிகளும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

துப்பாக்கிக்குள் மருந்து கெட்டிப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே வினைதான். 1745, 1746ஆம் ஆண்டுகளில் லைடன் சாடி உருவான பிறகு, கண்ணாடிச் சாடிக்குள் மின்சாரத்தை நிரப்புவதற்கும் அது வழங்கியது. அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் 1747இல் இலண்டனிலிருந்த பீட்டர் கொலின்சனுக்கு எழுதிய கடிதங்களில் மின்சாரத்தில் நேர் (பிளஸ்), மறை (மைனஸ்) என்ற பாகுபாட்டை விளக்கினார். பீரங்கி வரிசைக்கு வழங்கிய ‘பற்றரி’ என்ற பெயரைச் சாடிகளின் தொகுதிக்குச் சூட்டியவரும் அவரே.

ஆக, மூலப்பொருள் ‘ஏற்று’. கொழும்பு துறைமுக நகரம். ஏற்றுமதி, இறக்குமதி என்ற சொற்களை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. புறக்கோட்டையில் லொறியில் சாமான் ஏற்றும் தொழிலாளியும் இதே வினையைத்தான் சொல்கிறார். ‘ஊட்டு’ என்பதும் அழகான வினைதான், சாயமூட்டுகிறோம், பாலூட்டுகிறோம். ஆனால் ஊட்டியதைத் திரும்ப எடுப்பதற்கு அந்த வினைக்கு எதிர்ச்சொல் இல்லை. அதனால்தான் மின்னூட்டம் என்று எழுதும் தமிழகப் பாடநூல்களும் அதன் மறுதலைக்கு வரும்போது ‘மின்னிறக்கம்’ என்று எழுத நேர்கிறது. இறக்க வேண்டுமானால் முன்பே ஏற்றியிருக்க வேண்டும். ஏற்று, இறக்கு என்ற இந்தச் சோடியைக் கைவிட நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

சிங்களத்தையும் பாருங்கள். மின்னேற்றத்துக்குச் சிங்களப் பாடநூல்களில் உள்ள சொல் ‘ஆரோபணய’. வடமொழி ஆரோபணம் என்றால் ஏறச் செய்தல். நமக்குப் பழக்கமான ஆரோகணம் ஏறுதல், ஆரோபணம் ஏற்றுதல். ஒரே நாட்டில் அருகருகே படிக்கும் பிள்ளைகள் இரு மொழியிலும் ஒரே கருத்தைக் கற்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஆனாலும் ‘ஏற்றம்’ என்ற ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போட்டுவிட முடியாது. ஒரு சிக்கல் இருக்கிறது. இயற்பியலில் ஏற்றம் என்பது கூலோம் என்ற அலகில் அளக்கும் ஒரு கணியம், அதாவது அளந்து சொல்லக்கூடிய ஒன்று. பற்றரி ‘நிறைந்திருக்கிறது’ என்று நாம் சொல்லும்போது அதற்குள் ஏற்றம் குவிந்திருப்பதில்லை. ஒரு முனையில் எத்தனை இலத்திரன்கள் (எலக்ட்ரான்கள்) நுழைகின்றனவோ அத்தனை மறுமுனையில் வெளியேறுகின்றன. உள்ளே தங்குவது இரசாயனச் சக்தி. 5000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருக்கும் கைப்பேசிப் பற்றரி, முழுதாக இறங்கும்போது சுற்றின் வழியே 18,000 கூலோம் ஏற்றத்தை ஓடச் செய்கிறது. அவ்வளவு ஏற்றம் அதற்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. லைடன் சாடியிலும் ஒரு புறம் கூடியது மறுபுறம் குறைந்தது என்பதைப் பிராங்க்ளினே கண்டுகொண்டார். திரையில் ‘ஏற்றம் 60 சதவீதம்’ என்று எழுதினால், பள்ளியில் கற்ற ஏற்றத்தோடு பிள்ளைகள் அதைக் குழப்பிக்கொள்வார்கள்.

இதற்காகத்தான் ‘மின்னிருப்பு’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். 2022இல் இலங்கையில் எரிபொருள் வரிசைகளில் நின்ற நமக்கு, கையிருப்பு எவ்வளவு என்ற செய்தியை நாள்தோறும் பத்திரிகையில் தேடிய பழக்கம் இருக்கிறது. ‘மின்னிருப்பு 60 சதவீதம்’, ‘மின்னிருப்பு குறைவு’ என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. ‘மின்மிகுதி’ என்று ஒருவர் பரிந்துரைத்தார்; அது தேவைக்கு மேல் உற்பத்தியான மின்சாரத்தைக் குறிப்பதாகத் தோன்றும் என்பதால் எனக்கு ஒப்பவில்லை.

செயலுக்கு ‘மின்னேற்றல்’, கருவிக்கு ‘மின்னேற்றி’, இடத்துக்கு ‘மின்னேற்று நிலையம்’. பாடநூலில் ‘மின்னேற்றம்’ இப்போது இருப்பது போலவே கணியத்துக்கு மட்டும் இருக்கட்டும். பணத்துக்குக் ‘கட்டணம்’ என்பதில் விவாதமே இல்லை. வழக்குகளில் வரும் குற்றச்சாட்டும், பொலிஸ் நிலையத்துப் பொறுப்பதிகாரியும் ஏற்கெனவே நல்ல தமிழில் நிலைத்துவிட்டார்கள்; அவற்றைத் தொட வேண்டாம்.

கைப்பேசிக்குப் பணம் போடுவதைத் தமிழகத்தில் ரீசார்ஜ் என்கிறார்கள், இங்கே ரீலோட் என்கிறோம். இரண்டும் மறுபடி ஏற்றுவதுதான். செயலியின் பணப்பைப் பக்கத்துக்கு ‘மீளேற்று’ சரிவருமா, அல்லது அந்தப் பொத்தான் மின்னேற்றும் பொத்தானோடு குழம்புமா? குழம்பும் என்றுதான் நினைக்கிறேன். அங்கே ‘பணம் சேர்’ என்று போடலாம். கோயம்புத்தூர் அண்ணா, ‘ஏற்று’ என்பதற்கு ‘இறக்கு’ இருப்பது போல ‘ஊட்டு’ என்பதற்கும் ஒரு எதிர்ச்சொல் தங்களிடம் இருந்தால் எழுதுங்கள். செயலியின் சொற்பட்டியலை இறுதி செய்யும் முன் அதையும் சேர்த்துப் பார்ப்போம்.